பழைய காருக்கு எல்.இ.டி. பின்விளக்குகள்: எட்டு மாதம் ஓட்டிய பின் ஒரு மதிப்பீடு

1960களின் தொடக்கத்தில் தயாரான மோரிஸ் மைனர் என்ற சிறிய பிரிட்டிஷ் கார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அது கொட்டகையில் மூடிவைத்து விழா நாளில் மட்டும் வெளியே எடுக்கும் கார் அன்று. வாரத்தில் நான்கு நாளாவது பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் புதிய கார்களுக்கும் நடுவே அதுவும் போய்வந்தாக வேண்டும். ஒரு மாலை என் பின்னாலேயே தம் காரில் வந்த நண்பர், இறங்கியதும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "நீங்க பிரேக் போட்டதே எனக்குத் தெரியல. வண்டி கிட்ட வந்த பிறகுதான் புரிஞ்சுது." அன்றிரவே அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, நான் முப்பது அடி பின்னால் நின்று பார்த்தேன். பிரேக்கை மிதித்தபோது சிவப்பு விளக்கு சற்றே சிவந்ததே தவிர, எரிகிறது என்று ஐயமறச் சொல்லும்படி எரியவில்லை. பழைய கார்களுக்கென்று விற்கப்படும் இந்த எல்.இ.டி. பின்விளக்குத் தொகுப்பை நான் வாங்கியதற்குக் காரணம் அந்த இரவுதான்.

தொகுப்பில் பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் பொதுவான இரண்டு சிவப்பு பல்புகள், இண்டிகேட்டருக்கான மஞ்சள் பல்புகள், இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியச் செய்யும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் ஒன்று, பின்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய மூன்றாவது பிரேக் விளக்கு ஆகியவை இருந்தன. பல்புகள் பழைய ஹோல்டரிலேயே பொருந்துகின்றன. எங்கும் துளையிடவோ வெட்டவோ தேவையில்லை. வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் காரைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம் என்பது, அசல் தன்மையைக் கெடுக்க மனம் வராத என் போன்றோருக்குப் பெரிய ஆறுதல்.

பழைய கார் என்றதும் பலரும் முதலில் கவலைப்படுவது அதன் பிரேக்கைப் பற்றித்தான். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் காருக்கு முன்னால் உள்ள ஆபத்தும் பின்னால் உள்ள ஆபத்தும் ஒரே தன்மையவை அல்ல. பின்னால் வரும் புதிய கார் என் காரைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கக்கூடியது. அதற்கு டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., அகலமான டயர் எல்லாம் உண்டு. ஆகவே நான் பிரேக் போட்டதை அதன் ஓட்டுநர் உடனே அறிந்துவிட்டால் போதும், அவர் பெரும்பாலும் நின்றுவிடுவார். பின்னாலிருந்து இடிபடும் ஆபத்து முழுக்க முழுக்கச் செய்தி போய்ச் சேருவதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாடல் முதல் புதிய பயணிகள் கார்களில் உயரத்தில் வைத்த மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் மற்ற நாடுகளிலும் அது பரவிவிட்டது. இன்று வண்டி ஓட்டுபவரின் கண், தன்னையறியாமலேயே அந்த உயரத்தில்தான் சிவப்பைத் தேடுகிறது. மைனரின் சிறிய விளக்குகளோ கீழே, மட்கார்டு ஓரத்தில் இருக்கின்றன.

பல்பை மாற்றும் முன் வோல்டேஜை அளந்து பார்த்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தபோது பின்னால் ஹோல்டருக்கு வந்து சேர்ந்தது 10.6 வோல்ட். அறுபது ஆண்டு வயதான இணைப்புகளும், துருவேறிய எர்த்தும் (மின்சுற்றைக் காரின் இரும்பு உடலோடு சேர்க்கும் இணைப்பு) நடுவில் விழுங்கியது போக மிஞ்சியது அவ்வளவுதான். உள்ளே கம்பி இழை சூடாகி எரியும் பழைய இழை பல்பின் ஒளி வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாக விழும். இந்தக் குறைவுக்கே ஒளி ஏறத்தாழ அறுபது சதவீதமாகிவிடுகிறது. ஆறு வோல்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: ஒரே ஒரு வோல்ட் குறைந்தாலும் ஒளி பாதியாகிவிடும். எனவே தொகுப்பை வாங்கும் முன்பு ஹோல்டர்களை உப்புத்தாளால் தேய்த்து, எர்த்துக்குப் புதிய வயர் ஒன்று இழுத்துவிடுங்கள். அந்தச் சிறு வேலையே பழைய பல்புகளைக் கணிசமாகப் பிரகாசமாக்கியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகும் எல்.இ.டி. தரும் பயன் தனியானது. இழை பல்பு சூடேறி முழு ஒளிக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்.இ.டி. அந்தக் கணமே எரிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்பது 3.3 மீட்டர். மைனரின் முழு நீளமே 3.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், பின்னால் வருபவருக்கு அந்தத் தூரம் எவ்வளவு பெரிய உதவி என்பது விளங்கும். சாயங்கால வெளிச்சத்தில் மீண்டும் முப்பது அடி பின்னால் போய் நின்றேன். பின்விளக்கு அளவாக எரிந்துகொண்டிருக்க, மிதித்த நொடியில் அது பளிச்சென்று பல மடங்காயிற்று. இந்த வேறுபாடுதான் முக்கியம். பின்விளக்கே கண்ணைப் பறிக்கும் அளவுக்கு எரிந்தால் பிரேக் விளக்கு அதில் கரைந்துவிடும். இத்தொகுப்பில் அந்த அளவு சரியாக அமைந்திருக்கிறது. பல்பின் பக்கவாட்டிலும் எல்.இ.டி.கள் பதித்திருப்பதால் பழைய விளக்குக் கூட்டின் உட்புறம் முழுதும் ஒளி நிறைகிறது. சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாகத் தெரியும்; இவர்கள் சிவப்பையே கொடுத்திருப்பது சரியான முடிவு.

இனி குறைகள். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். எல்.இ.டி.க்கு முனை மாறினால் எரியாது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷரோ பழுதாகிப் போகக்கூடும். பாசிட்டிவ் எர்த்துக்கும் நெகட்டிவ் எர்த்துக்கும் தனித்தனித் தொகுப்புகள் உண்டு என்பதை விவரத்தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரே வரியில் போட்டிருந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் தவறானதை வரவழைத்துவிட்டேன். முதல் பல்பு எரியாததைக் கண்டதும் நிறுத்திக்கொண்டதால் ஃப்ளாஷர் தப்பியது. மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், உறையின் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி அது.

பழைய ஃப்ளாஷர் பல்பு இழுக்கும் மின்னோட்டத்தால் சூடாகி வேலை செய்வது, எல்.இ.டி. இழுக்கும் சொற்ப மின்னோட்டத்துக்கு அது ஒழுங்காக மினுக்காது. ஆகவே எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் அவசியம்தான். இண்டிகேட்டர் எரிவதை ஓட்டுநருக்குக் காட்டும் பச்சை விளக்குக்கான மூன்றாவது முனையையும் அதில் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய 'டிக் டிக்' ஓசை போய்விட்டது. தடம் மாறும்போது ஸ்டியரிங்கைச் சிறிதளவே திருப்புவதால் இண்டிகேட்டர் தானாக அணைவதில்லை. ஓசையும் இல்லாததால் இரண்டு முறை நெடுந்தூரம் அது எரிந்தபடியே போயிருக்கிறேன். பின்னால் வருபவரைக் குழப்பும் இண்டிகேட்டர் எரியாத இண்டிகேட்டரைவிட ஆபத்தானது. ஒரு சிறு பஸ்ஸரையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

நான் மிகவும் வருந்தும் குறை வேறொன்று. என் காரில் பிரேக் விளக்கின் சுவிட்ச், பிரேக் குழாயில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. வயதாக ஆக, முன்னைவிட அதிக அழுத்தம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். புதிய பல்புகளை மாட்டிய மறுநாள், வீட்டுச் சுவருக்கு முன் காரைப் பின்புறமாக நிறுத்தி, கண்ணாடியில் சுவரைப் பார்த்தபடி பிரேக்கை மெதுவாக மிதித்தேன். பெடல் இறங்கத் தொடங்கியது, இன்னும் இறங்கியது, கால் நன்றாக ஊன்றிய பிறகே சுவர் சிவந்தது. போக்குவரத்தில் நாம் போடும் பிரேக்கில் பெரும்பகுதி இலேசாகக் கால் வைப்பதுதான். அப்போதெல்லாம் இவ்வளவு நல்ல பல்பும் இருட்டாகவே இருந்திருக்கிறது. மெக்கானிக்கிடம் சொல்லி, பெடலிலேயே தொட்டதும் எரியும் சாதாரண சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியதும் வேறுபாடு உடனே தெரிந்தது. 0.2 நொடியை மிச்சப்படுத்தும் பல்பை விற்பவர்கள், அதைவிட அதிக நேரத்தை விழுங்கும் சுவிட்சைப் பற்றி விவரத்தாளில் ஒரு வார்த்தைகூட எழுதாதது எனக்கு உண்மையிலேயே வேதனை அளித்தது.

மூன்றாவது விளக்கின் ஒட்டு நாடா மூன்றாம் மாதத்து வெயிலில் கழன்று தொங்கியது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, கார் உதிரிபாகங்களுக்கான கெட்டியான நாடாவைப் போட்ட பின் இன்றுவரை அசையவில்லை. முதல் சில நாள் இரவில் அதன் ஒளி பின்கண்ணாடியில் பட்டுத் தெறித்து ஓட்டுநர் கண்ணுக்கு வந்தது. கறுப்பு ரப்பர் விளிம்பு ஒட்டியதும் சரியாயிற்று.

வாங்க நினைப்பவர்கள் தங்கள் நாட்டு விதிகளை முதலில் பாருங்கள். இழை பல்புக்காக அங்கீகரிக்கப்பட்ட விளக்கில் எல்.இ.டி. போடுவதைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. அப்படியானால் எர்த்தையும் சுவிட்சையும் சரிசெய்து, மூன்றாவது விளக்கை மட்டும் தனியாகச் சேர்க்க இடமுண்டா என்று விசாரிக்கலாம். இது நிறுத்தும் தூரத்தை ஓர் அடிகூடக் குறைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல புதிய கார் பதினேழு, பதினெட்டு மீட்டரில் நிற்கும் இடத்தில், டிரம் பிரேக் மட்டுமே உள்ள கார் இருபத்தெட்டு மீட்டர் எடுத்துக்கொண்டாலும் வியப்பில்லை. முன்னால் விடும் இடைவெளியை நான் குறைக்கவில்லை. அதில் வேறு கார் நுழைந்தால் மறுபடியும் பின்வாங்கிக்கொள்கிறேன். அப்படி அடிக்கடி இலேசாக பிரேக் தொடும்போதுதான் பின்னால் உள்ள இந்த விளக்குகள் எனக்கு மிகவும் பயன்படுகின்றன.

சென்ற வாரம் அதே நண்பர் மீண்டும் என் பின்னால் வந்தார். இம்முறை இறங்கியதும் அவர் பிரேக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இடது இண்டிகேட்டர் அணையாமல் இருந்ததை மட்டும் சொன்னார். பஸ்ஸர் வாங்கிவிட்டேன்.