படங்களின் பூர்வீகம் எழுதித் தரும் பிள்ளைகள்: எங்கள் வீட்டு அனுபவம்

யாழ்ப்பாணம் நல்லூரில் அம்மம்மாவின் நாற்சார் வீட்டில் பதினொரு பழைய படங்கள் இருக்கின்றன. பாதி சாமியறையில், மீதி விறாந்தையில். வீட்டைப் பிரிக்கிற கதை வந்தபோது எந்தப் படம் யாருக்கு என்பதைவிட, எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல அம்மம்மாவை விட்டால் வேறு ஆளில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு 88 வயது. அதனால் நுண்கலை படித்த இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டேன். வீட்டுக்கே வந்து ஒவ்வொரு படத்தின் பூர்வீகத்தையும் எழுதி, படமெடுத்துக் கோவையாகத் தருகிறார்கள். பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்றார்கள், தேவையானவர்கள் தனியாகக் கேளுங்கள்.

வந்தவுடன் செய்த முதல் வேலை படத்தைத் திருப்பியதுதான். லட்சுமி படத்தை மேசையில் ஒரு பழைய சேலை விரித்துக் கவிழ்த்து, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், அரை மணி நேரம் போனது. அது ரவிவர்மா தன் கையால் வரைந்தது என்று கேட்டே நாங்கள் வளர்ந்தோம். லென்ஸை வைத்துப் பார்த்தால் லட்சுமியின் கன்னம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், கையால் வரைந்ததல்ல, கல்லச்சில் அடித்தது. பிறேமுக்குள் மறைந்திருந்த கீழ்விளிம்பில் ரவிவர்மா அச்சகத்தின் பெயரும் லோணாவலா என்ற இடமும் இருந்தன. அந்த அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கி 1899இல் லோணாவலாப் பக்கம் போனது, ஆகவே படம் அதற்குப் பிந்தியது. ரவிவர்மா 1906இல் இறந்த பிறகும் அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவர் காலத்தில் அடித்தது என்றும் சொல்ல முடியாது. அம்மம்மாவின் முகம் வாடிவிட்டது. வந்த பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் இருந்து, "அச்சுப் படம் எண்டாலும் இது உங்கட வீட்டுக்கு எப்ப வந்தது எண்டு உங்களுக்குத்தானே தெரியும் அம்மம்மா, சொல்லுங்கோ" என்று கேட்டதும், அவர் தன் தகப்பனின் கதையில் தொடங்கி ஒன்றரை மணி நேரம் சொன்னார். எல்லாம் பதிவாகி இருக்கிறது.

படத்துக்கும் பின்பலகைக்கும் இடையில் 'ஈழகேசரி' என்ற பழைய பத்திரிகையின் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. தேதிப் பக்கம் கிழிந்துவிட்டது. அவர்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஏற்றியிருக்கும் பழைய இதழ்களோடு விளம்பரங்களை ஒப்பிட்டுப் பார்த்து அது 1941ஆம் ஆண்டுத் தாள் என்று பிடித்தார்கள். அப்போதும் "1941இல் வாங்கியது" என்று எழுதவில்லை, "பிறேம் போட்டது 1941க்கு முன்னர் அல்ல" என்றுதான் எழுதினார்கள். இந்த நிதானத்துக்காகவே காசு கொடுக்கலாம்.

விறாந்தையில் ஒரு பென்சில் சித்திரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் மாற்கு மாஸ்டர் வரைந்தது என்று வீட்டில் சொல்வோம். கையெழுத்து தெளிவில்லை. "மாற்கு வரைந்ததாகக் குடும்பத்தினர் சொல்கிறார்கள், வேறு சான்று இல்லை" என்று எழுதினார்கள். எனக்குக் கொஞ்சம் வலித்தது, ஆனால் சரி.

நான் உண்மையாகவே வாதாடியது 1995 விஷயத்தில்தான். ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டது, எங்கள் வீடு 1996 மே வரை பூட்டிக் கிடந்தது. அந்த மாதங்களில் இந்தச் சித்திரம் எங்கே இருந்தது என்று, வந்த இருவரில் ஒருவரான தம்பி கேட்டார். "சுவரிலதான் இருந்திருக்கும்" என்றார் அம்மம்மா. பார்த்த ஆளில்லை என்பதால் தம்பி "இருந்த இடம் தெரியவில்லை" என்று எழுதினார். எதற்கு இந்த ஓட்டையை நாமே காட்டவேண்டும் என்று கேட்டேன். ஐரோப்பியப் படங்களுக்கு 1933 முதல் 1945 வரை யார் கையில் இருந்தது என்றுதான் நூதனசாலைகள் முதலில் தேடுகின்றன, நாஜிகள் பறித்தது கனக்க, அந்த ஆண்டுகளை ஊகத்தால் நிரப்பிய பத்திரத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள், எங்களுக்கு அந்த இடத்தில் 1995 இருக்கிறது என்றார் தம்பி. அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

அளவு, பொருள், எழுத்துகள், காயங்கள் என்று கேட்பதெல்லாம் 'ஒப்ஜெக்ட் ஐடி' என்ற 1997ஆம் ஆண்டின் சர்வதேசப் படிவத்தின்படி. களவு போனால் பொலிசுக்குக் கொடுக்க அந்த ஒரு பக்கமே போதும்.

குறைகளும் உண்டு. ஒரு படத்தின் பின்னால் இலக்கம் எழுதிய ஸ்டிக்கரை நேரே ஒட்டிவிட்டார்கள், பசை நாளைக்குக் கறையாகும், சொன்னதும் எடுத்துவிட்டுப் பென்சிலால் எழுதினார்கள், ஆனால் நான் சொல்லவேண்டி இருந்திருக்கக்கூடாது. இரண்டு கிழமை என்ற கோவை ஐந்து கிழமையில் வந்தது. முதலில் ஆங்கிலத்தில் மட்டும் தந்தார்கள், அம்மம்மா வாசிக்கமுடியாத கோவை எங்களுக்கு எதற்கு என்று கேட்ட பிறகுதான் தமிழில் வந்தது. ஒரு படத்துக்கு 2,000 ரூபா, படமெடுப்பதும் சேர்த்து.

கோவையை ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றிரவே எடுத்தார். "அது சுவரில இருக்கேல்லையடா, நான்தான் கழற்றிச் சாக்கில சுத்திச் சைக்கிளில கொடிகாமம் கொண்டுபோனனான்." பிள்ளைகளுக்குச் சொன்னேன். "தெரியவில்லை" என்ற வரியை அழிக்காமல் அதன்மேல் ஒரு கோடு இழுத்து, கீழே மாமா சொன்னதை, தொலைபேசியில் சொன்னது என்ற குறிப்போடும் தேதியோடும் சேர்த்துப் புதிய பக்கம் அனுப்பினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.