ஆரம்பப் பள்ளி விளையாட்டுப் பை: கோன் அதிகம், பந்து குறைவு

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருள் வாங்க ஆரம்பப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய் என்று மானியம் உண்டு. முதல் தொகைக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு பை விற்கிறார்கள். சென்னை பெரியமேட்டில் கேட்டாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் மாறும்; உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பீடு லேடர் (தரையில் விரித்துக் கட்டங்களுக்குள் கால் வைத்து ஓடும் பட்டை ஏணி) ஒன்று, தட்டைக் கோன் 50, நெட்டைக் கோன் 10, ஹூப் (வளையம்) 12, குட்டி ஹர்டில் (தாண்டும் தடை) 6, பீன் பேக் (வீசிப் பிடிக்கும் சின்னத் துணிப்பை) 6, ஸ்கிப்பிங் கயிறு 6, பந்து 3.

ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு என்றால் இதை அப்படியே வாங்க வேண்டாம். பாதியை மாற்றித் தரச் சொல்லி வாங்கினால் நல்ல சரக்கு.

காரணம் எளிய கணக்கு. 40 நிமிட பீரியடில் வரிசை, தண்ணீர், சத்தம் எல்லாம் போக 25 நிமிடம் மிஞ்சும். 40 பிள்ளைகளை ஒரே பந்துக்கு வரிசையில் நிறுத்தினால், வீச்சுக்கு 10 விநாடி வைத்தாலும் மொத்தம் 150 வீச்சு. தலைக்கு நான்குகூட வராது. இருபது பீன் பேக்கைக் கொடுத்து இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள், அதே நேரத்தில் ஒவ்வொருவரும் 75 முறை வீசியிருப்பார்கள், 75 முறை பிடித்திருப்பார்கள். கை பழகுவது அந்த எண்ணிக்கையில்தான். இந்தப் பையிலோ, தரையில் வைத்து அழகு பார்க்கும் கோன் அறுபது. வீசிப் பிடிக்கும் சாமான் ஒன்பது.

பீன் பேக்கின் அளவு சரி: 12 செ.மீ. சதுரம், நூறு கிராமுக்குச் சற்று மேல். ஒற்றைத் தையல்தான் கோளாறு. மூலை பிரிந்து பிளாஸ்டிக் மணி கொட்டிவிடும். ஊர் டெய்லரிடம் கித்தான் துணி கொடுத்து, உள்பை வைத்து இரட்டைத் தையல் போடச் சொன்னால் பல ஆண்டு உழைக்கும். உள்ளே புளியங்கொட்டை போடலாம். அரிசி, நெல், பயறு வேண்டாம், பீரோவுக்கு எலி வரும். மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். புடைக்க அடைத்தால் கையில் பட்டுத் தெறிக்கும். தொளதொளவென்று இருந்தால்தான் விரல் மடங்கிப் பற்றும்.

மூன்று பந்தும் 5 நம்பர் ஃபுட்பால் அளவு, கடினமான பி.வி.சி. இதை ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் வீசினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, மார்போடு அணைக்கும். பயத்தில் வரும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் மூன்றாம் வகுப்பிலும் போகாது. முதலில் பீன் பேக், பிறகு 6 முதல் 8 அங்குல மெத்துப் பந்து, அதன் பிறகுதான் சிறிய பந்து. அமெரிக்கப் பேராசிரியர் உல்ரிச் வகுத்த டி.ஜி.எம்.டி.-3 என்ற அடிப்படை அசைவுத் திறன் சோதனையில் 3 முதல் 10 வயது வரையானவர்களுக்கு 4 அங்குலப் பந்தை 15 அடி தூரத்திலிருந்து கீழ்க்கை வீச்சாகப் போடுகிறார்கள். எத்தனை பிடித்தார்கள் என்று எண்ணுவதில்லை. கை முன்னால் நீண்டதா, மார்பில் அணைக்காமல் கைகளால் மட்டும் பிடித்தார்களா என்று பார்க்கிறார்கள். நம் வகுப்பிலும் பார்க்க வேண்டியது அதுவே.

வீச்சில் அடிக்கடி வரும் பிழை, வலக்கையால் வீசும் குழந்தை வலக்காலையே முன்வைப்பது. வாயால் சொன்னால் குழம்பும். முன்னால் ஒரு தட்டைக் கோனை வைத்து, இடக்காலை அதற்கு அப்பால் எடுத்து வைத்துக்கொண்டே வீசச் சொல்லுங்கள். கோன் உருப்படியாகப் பயன்படும் இடம் இது. குறியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். குறி பார்க்கப் போனால் உடம்பைத் திருப்பாமல் கையால் தள்ளிவிடுவார்கள். தூரத்துச் சுவரைக் காட்டி, ‘பலமா அடி’ என்றால் இடுப்பு தானாகத் திரும்பும்.

ஸ்பீடு லேடர் பையின் மாப்பிள்ளை. விளம்பரப் படத்தில் முன்னால் நிற்பதும் அதுதான். ஓடத் தெரிந்த வீரருக்குச் சரி. ஆறு வயதுக்குக் குனிந்து காலைப் பார்த்தபடி தத்தித் தத்திப் போகவே பழக்கும். பட்டைக் கயிற்றில் குறுக்குச் சட்டங்கள் நகரும், மணல் தரையில் சுருளும், காலில் மாட்டும். சாக்பீஸால் போட்ட பாண்டிக் கட்டம் காசில்லாமல் இதைவிட நன்றாக வேலை செய்யும். நொண்டும்போது தூக்கிய கால் விறைத்து நிற்காமல் முன்னும் பின்னும் வீசுகிறதா, இரண்டு காலிலும் நொண்ட வருகிறதா என்று கவனியுங்கள்.

ஹூப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பையில் வருவது உருண்டைக் குழாய். உள்ளே குதிக்கும் குழந்தை விளிம்பை மிதித்தால் அது உருளும், கால் பிசகும். குதிக்க வைப்பதானால் தட்டையான ஹூப் கேளுங்கள். உருட்டவும் இடுப்பில் சுற்றவும் குழாய் போதும். இணைப்பில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தால் கையைக் கிழிக்கும், அந்த இடத்தைக் கடையிலேயே தடவிப் பாருங்கள்.

ஹர்டிலின் குறுக்குக் குழாய் ஆணியால் இறுக்கப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கால் பட்டால் எந்தப் பக்கமும் விழ வேண்டும்.

ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் 9 அடி, மெல்லிய நைலான். பெரியவர்களுக்கானது. நடுவில் மிதித்துக்கொண்டு நின்றால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். ஆறேழு வயதுக்கு ஏறக்குறைய 7 அடி, நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு 8 அடி. மணி கோத்த கயிறு கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதன் கனத்தால் கயிறு எங்கே வருகிறது என்று கைக்குத் தெரியும், தரையில் தட்டும் சத்தம் தாளத்தைக் கொடுக்கும். வராத பிள்ளைக்குச் சுற்றுவதையும் குதிப்பதையும் பிரித்துக் கொடுங்கள்: சுற்று, கயிறு கால்விரலருகில் நிற்கட்டும், பிறகு தாண்டு.

ஆக, கடையில் சொல்ல வேண்டியது இது: லேடரும் நெட்டைக் கோனும் வேண்டாம், தட்டைக் கோன் 20 போதும். கழித்த தொகைக்குப் பீன் பேக்கை இருபதாக்கி, மெத்துப் பந்தும் சிறிய கயிறும் முடிந்தவரை சேர்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் பேரம் பேசினால் பல கடைகளில் ஒத்துக்கொள்கிறார்கள். பில்லில் ‘விளையாட்டுச் சாமான் ஒரு செட்’ என்று ஒற்றை வரியில் எழுத விடாதீர்கள்; சாமான் வாரியாக எண்ணிக்கை இருந்தால்தான் இருப்புப் பதிவேட்டில் ஏற்றவும், கிழிந்ததை மட்டும் கழித்து எழுதவும் முடியும்.