மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு: அக்காவோடு ஒரு வருஷம் போய் வந்த அனுபவம்

பெரிய நகரமில்லாத ஊரில் இருந்துகொண்டு, கட்டுப்படியாகிற செலவில் மனநல மருத்துவரைத் தேடி அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அக்காவுக்கு டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு நோய். முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள், மாத்திரையை அங்கேயே வாங்க வேண்டியிருந்தது, சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும்தான் இருக்கும். ஐந்தாறு தடவைக்கு அப்புறம் அக்கா, "இப்ப பரவாயில்லடா, போதும்" என்றாள். செலவை நினைத்துச் சொல்லியிருக்கிறாள், எனக்கு அப்போது தெரியவில்லை. மாத்திரையையும் அவளாகவே நிறுத்திவிட்டாள். நாலு நாளில் தலைசுற்றல், எரிச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. டிப்ரஷன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

முதல் தடவைக்கு எவ்வளவு கட்டணம் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனது எங்கள் தப்பு. உடம்பு தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள். அதனால் போக்குவரத்து, ஒரு நாள் சம்பளம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் சேர்த்து, பத்தாவது தடவையும் நம்மால் போக முடியுமா என்று பாருங்கள்.

அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். முதல் நாள் காலை முழுக்க வரிசையில் போய்விட்டது, அதற்குத் தயாராகப் போங்கள். ஆனால் உள்ளே போனதும் ஒரு பயிற்சி டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். தூக்கம், பசி, வேலை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று எல்லாம். தூங்காமலேயே அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்த நாட்கள் உண்டா என்றும் கேட்டார். பைபோலார், அதாவது சோர்வும் அளவுக்கு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய் இருப்பவருக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனநிலை எதிர்ப்பக்கம் ஏறிவிடலாமாம், அதனால் அந்தக் கேள்வி முக்கியம். முன்பு போன இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை. தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும் என்று அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார்.

செர்ட்ராலின் என்ற டிப்ரஷன் மாத்திரை 50 மில்லிகிராம், சீட்டில் மருந்தின் பெயரையே எழுதினார்கள். பழைய மருந்து, ஜெனரிக்காக, அதாவது பிராண்ட் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே கிடைக்கிறது, செலவு நன்றாகவே குறைந்தது. முதல் வாரம் குமட்டும், மனசு லேசாக 2 முதல் 4 வாரம் ஆகலாம் என்று முன்கூட்டியே சொன்னதால் அக்கா பயப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் பிஹெச்க்யூ-9 என்று 9 கேள்வி உள்ள தாளை நிரப்பச் சொல்வார்கள், மொத்தம் 27 மதிப்பெண், கூடினால் பாதிப்பு அதிகம். அக்காவுக்கு முதலில் 19, இரண்டு மாதத்தில் 8. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவளுக்கே நம்பிக்கை வந்தது.

குறைகளும் உண்டு. பயிற்சி டாக்டர்கள் சில மாதத்தில் மாறிவிடுகிறார்கள், புதியவரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொல்வது அக்காவுக்குக் கொடுமையாக இருந்தது. மருந்து, அளவு, பக்கவிளைவு, தேதி எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம், அதில் பாதி கஷ்டம் தீர்ந்தது. கவுன்சலிங்குக்கு இரண்டு மாதம் காத்திருந்தோம். சின்ன ஊர் என்பதால் வரிசையில் தெரிந்தவர்களைப் பார்க்கவும் நேர்ந்தது. இப்போது நிலைமை சீரானதால் ஒரு தடவை நேரில், அடுத்த தடவை வீடியோவில் பார்க்கிறார்கள், அலைச்சல் பாதியாகிவிட்டது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் புறநோயாளிப் பிரிவின் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாங்கள் ஒரு தடவை நள்ளிரவில் போனோம். யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, முதலில் டாக்டர்தான் வந்தார்.