ரெடி மிக்ஸ் மூட்டையை விடுங்க, கோகோபீட் கட்டியை வாங்குங்க

சென்னை ஈ.சி.ஆரில் வரிசையாக இருக்கும் நர்சரிகளில் ஒன்றில் இரண்டு பொருள் வாங்கினேன். ஒன்று, ரெடி மிக்ஸ் என்று விற்கும் மண் கலவை மூட்டை. இன்னொன்று, கோகோபீட் என்னும் தேங்காய் நார்த்தூளைக் கழுவிக் காயவைத்து அழுத்திய 5 கிலோ கட்டி. மூட்டை காசுக்குத் தண்டம், கட்டியைத் தாராளமாக வாங்கலாம். கடைப் பெயர் போடவில்லை, ஏனென்றால் இதே மாதிரி மூட்டை வேறு வேறு லேபிளில் ஊர் முழுக்கக் கிடைக்கிறது, ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

"அக்கா, செம்மண், தொழுவுரம், வேப்பம் பிண்ணாக்கு எல்லாம் கலந்தாச்சு, அப்படியே கொட்டி செடி வெக்க வேண்டியதுதான்" என்றார் கடைத் தம்பி. வீட்டுக்கு வந்து பழைய பேப்பரில் கொஞ்சம் கொட்டிப் பரப்பினால், முக்கால்வாசி தேங்காய் நார்த்தூள், அதில் நிறம் வருவதற்கு மட்டும் கொஞ்சம் செம்மண், நடுநடுவே செங்கல் துண்டு. வேப்பம் பிண்ணாக்கு இருந்தால் மூட்டையைப் பிரித்த உடனே மூக்குக்குத் தெரியும், இதில் வாசனையே இல்லை. சரி, நார்த்தூள்தானே, தண்ணீரையாவது பிடித்து வைக்கும் என்று 12 அங்குல பை ஒன்றில் நிரப்பிக் கத்தரி வைத்தேன். அக்னி நட்சத்திர வெயிலில் கலவை காய்ந்து சுருங்கி, பையின் ஓரத்தை விட்டு விலகிவிட்டது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அந்த இடுக்கு வழியாக நேராக இறங்கி அடி ஓட்டையில் வந்துவிடுகிறது. நடுவில் விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே பொடியாகக் காய்ந்து கிடக்கிறது. அடியில் தண்ணீர் வருகிறது, அதனால் போதும் என்று நாம் நிறுத்திவிடுவோம், செடிக்கு ஒரு வாய்கூடப் போயிருக்காது.

அதைவிடப் பெரிய தொல்லை உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க, ஆர்.ஓ. மெஷினுக்கு வாங்கிய டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. மெட்ரோ வாட்டரில் மீட்டரை வைத்தால் 300க்குப் பக்கம் காட்டியது. அதே தண்ணீரில் இந்தக் கலவையை ஊறவைத்து வடிகட்டினால் 1500ஐத் தாண்டிவிட்டது. நல்ல உரம் இருந்தாலும் மீட்டர் ஏறும், அது உண்மைதான். ஆனால் உரம் போட்ட மண்ணில் செடி பச்சையாக ஏறும், இங்கே இலை நுனிதான் கருகியது. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு மூன்றும் உண்டு, நல்ல தண்ணீரில் அலசாமல் தூளாக்கி விற்றால் அத்தனையும் நம் தொட்டிக்கு வந்து சேரும். இதில் எங்கள் திருவான்மியூர் போர் தண்ணீரையும் ஊற்றினால் கேட்கவே வேண்டாம், மண் தொட்டிகளின் வெளிப்பக்கமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது.

இப்போது கட்டி. நான் வாங்கும்போது 200 ரூபாய், லேபிளில் 'லோ ஈ.சி.', அதாவது உப்பு குறைவு, என்று போட்டிருந்தது. 5 கிலோ கட்டி ஊறினால் 60, 70 லிட்டர் வரும், அதனால் பெரிய டப் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், பாத்ரூம் வாளியில் போட்டால் வழிந்து தரையெல்லாம் நார்தான். முதலில் பிழிந்த தண்ணீர் டிக்காஷன் மாதிரி வந்தது, இன்னும் ஓரிரு முறை அலசியதும் தெளிந்தது, மீட்டரும் மெட்ரோ வாட்டருக்குச் சற்று மேலே வந்து நின்றது. கழுவியது என்று எழுதியிருந்தாலும் ஒரு தடவையாவது அலசுங்கள், போர் தண்ணீரில் வேண்டாம்.

அலசுவதில் போகாத ஒன்று உண்டு, அதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். நார்த்தூளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு முழுசாக அசையாது. நாம் போடும் கால்சியம், மெக்னீசியத்தை அது பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்கு இவற்றைச் செடிக்குத் தள்ளும். தக்காளிக் காய் அடியில் கறுத்து அழுகுவதற்குக் கால்சியம் போதாததும், தண்ணீர் ஒரு நாள் அதிகம் ஒரு நாள் குறைவு என்று போவதும்தான் காரணம், கோகோபீட் மட்டும் வைத்து வளர்ப்பவர்களிடம் இது அடிக்கடி வரும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து மறுபடி அலசினால் சரியாகிவிடும். அவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் கலவையில் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்தாலும் உதவும்.

தண்ணீர் பிடிப்பதும் சத்து பிடிப்பதும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் தொட்டி முழுக்க கோகோபீட்டாக நிரப்புகிறார்கள். அது தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதில் சோறு இல்லை. மட்காத நார்த்தூளில் கரிமம் (கார்பன்) தழைச்சத்தைவிட (நைட்ரஜன்) 100 மடங்குக்கும் மேல், அதனால் மட்கும்போது நாம் போடும் தழைச்சத்தையும் அதுவே கொஞ்சம் தின்றுவிடும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழியில் யூரியாவும் சிப்பிக் காளானும் போட்டு மட்கவைத்த நார்க்கழிவு உரத்தில் இந்த விகிதம் 24க்கு வந்துவிடும், கிடைத்தால் அதை வாங்குங்கள். சத்தைப் பிடித்து வைப்பது முக்கியமாக மட்கிய உரமும் களிமண்ணும்தான். மண்ணில் கலக்க விற்கும் கனிமத் துகள்களில் வெர்மிகுலைட்டும் நன்றாகப் பிடிக்கும், பெர்லைட் காற்றோட்டத்துக்கு மட்டும்தான், சத்துப் பிடிக்காது. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று தூக்கிக் கொடுக்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

நான் இப்போது கலப்பது செம்மண் ஒரு பங்கு, அலசிய கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, அப்புறம் மண்புழு உரத்தோடு சேர்த்துக் கொஞ்ச நாள் ஊறவைத்த உமிக்கரி இரண்டு கைப்பிடி. மேலே காய்ந்த இலை மூடாக்கு. மூடாக்கு போட்ட பையும் போடாத பையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சாயந்திரம் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். கோகோபீட்டை இதற்கு மேல் ஏற்றினால் மே மாதத்துக்கு நன்றாக இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பை நாள் கணக்கில் சொதசொதவென்று நின்று வேர் அழுகும்.

கடையில் தண்ணீர் சேமிக்கும் ஜெல் என்று ஒரு பாக்கெட்டையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீரில் அது பாதிகூட உப்பாது, போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் அந்தக் காசுக்கு மண்புழு உரம் வாங்கிக்கொள்ளலாம்.

கட்டிக்கு ஐந்துக்கு நாலு. மூட்டைக்கு ஒன்று, அதுவும் நல்ல சாக்கு என்பதால். ஜிபே வாங்குகிறார்கள், டெலிவரி உண்டு, ஆனால் லிஃப்ட் இல்லாத வீடு என்றால் மாடி ஏற்றத் தனியாகக் கேட்பார்கள், ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.