“மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றார் பார்ட்னர்: 11 மாதத்தில் முடிந்த என் ஆன்லைன் வியாபாரம்

ஆன்லைனில் யாரோடாவது கூட்டு சேர்ந்து வியாபாரம் தொடங்கப் போகிறீர்களா? முதல் ஆர்டர் வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நான் கையால் நோட்டுப் புத்தகம் தைப்பவள். தாளை ஃபாரம் ஃபாரமாக, அதாவது சில தாள் சேர்ந்த சின்னச் சின்னக் கட்டாக மடித்து, மடிப்பில் குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் ஒன்றோடு ஒன்று கோத்துத் தைப்பேன். முதுகுப் பக்கம் தையல் வெளியே தெரியும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நோட்டு தட்டையாகப் படுத்துக்கொள்ளும். ஒன்றை முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதைப் பார்த்துவிட்டுத்தான், முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர், “இதை ஆன்லைன்ல போட்டா நல்லா போகுங்க. நீங்க தைங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றார். எட்டு வருடப் பழக்கம். லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று வாயால் பேசிக்கொண்டோம். ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

அந்த “மத்தது” எவ்வளவு பெரியது என்று அப்போது எனக்குத் தெரியாது. டொமைன் (கடையின் இணைய முகவரி), வெப்சைட், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கம், பேமென்ட் கேட்வே (வாங்குபவர் ஆன்லைனில் கட்டும் பணத்தை நம் கணக்கில் சேர்க்கும் சேவை), விளம்பரக் கணக்கு என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் தன் மின்னஞ்சல், தன் செல்பேசி எண், தன் வங்கிக் கணக்கு கொடுத்துத் தொடங்கினார். அன்றைக்கே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தார். நானும் சரி என்றேன்.

முதல் மாதம் 9 நோட்டு போனது. நான்காவது மாதம், நான் நூலை இழுத்து முடிச்சுப் போடும் 40 விநாடி வீடியோ ஒன்று எங்கெங்கோ பகிரப்பட்டு, ஒரே வாரத்தில் 86 ஆர்டர் வந்தது. விரல் நுனியெல்லாம் வெடித்துப்போயிருந்தும் அந்த வாரம் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவரும் உழைத்தார், அதை மறைக்க மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பார். தாள் நிறையத் தேவைப்பட்டதால் என் பெயரில் கடனுக்கு எடுத்தேன். கடன் என் பெயரில், வரவு அவர் கணக்கில். இந்த ஏற்பாடு எங்கே போய் நிற்கும் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

கணக்கு காட்டும் விதம் மாறியதைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். முதல் மூன்று மாதம் வாராவாரம் ஷீட் வந்தது: ஆர்டர் எண், தொகை, கேட்வே கட்டணம், கூரியர் செலவு என்று வரி வரியாக. பிறகு ஷீட் நின்று, மொத்தத் தொகை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிய ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதன்பின் வாய்ஸ் மெசேஜ்: “இந்த மாசம் விளம்பரத்துக்கே போயிருச்சுங்க, அடுத்த மாசம் சேர்த்துப் பாத்துக்கலாம்.” விளம்பரக் கணக்கில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு செலவானது என்று துல்லியமாகத் தெரியும், பில்லும் இறக்கலாம். அதைக் கேட்டேன். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று திருப்பிக் கேட்டார். எட்டு வருடப் பழக்கத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

பதினோராவது மாதம் ஒருநாள் காலை, அன்று அனுப்ப வேண்டிய முகவரிகளை எடுக்க எங்கள் கடைக் கணக்குக்குள் போனால் பாஸ்வேர்டு தவறு என்றது. புதிதாக மாற்றப் பார்த்தால் ஓடிபி அவர் எண்ணுக்குப் போகிறது. ஃபேஸ்புக் பக்கத்தில் முழுக் கட்டுப்பாடு உள்ளவர் மற்றவர்களை நீக்க முடியும். எனக்குப் பதிவு போடும் உரிமை மட்டும்தான் தந்திருந்தார் என்பதே அன்றுதான் தெரிந்தது. மதியம் ஒரு செய்தி வந்தது: “இனி தனியா பண்ணலாம்னு இருக்கேன். கணக்கு பாத்து அனுப்புறேன்.” அனுப்பவே இல்லை. என் கை, என் நோட்டு இருக்கும் படங்களோடு அந்தக் கடை இன்னும் சில வாரம் ஆர்டர் வாங்கியது. பிறகு அதுவும் மூடிக்கிடந்தது.

டொமைனையாவது மீட்கலாம் என்று அலைந்தேன். இரண்டு பேரும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கியது. ஆனால் காசு யார் கட்டினார் என்பதற்கு அங்கே மதிப்பில்லை, பதிவில் உரிமையாளராக யார் பெயர் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதையும் வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. 2018 மே மாதம் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள் அமலுக்கு வந்த பிறகு, தனிநபர்களின் பெயரும் முகவரியும் டொமைன் யாருடையது என்று பார்க்கும் ஹூயிஸ் தேடலில் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனத்தைக் கேட்டால், கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டுமே பேசுவோம் என்றார்கள். டொமைன் தகராறுகளுக்கென்று, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999இல் கொண்டுவந்த யூடிஆர்பி நடைமுறையையும் படித்துப் பார்த்தேன். அதில் வெல்ல உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருக்க வேண்டும், எதிராளி கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்தார் என்றும் காட்ட வேண்டும். எங்கள் பெயரை டிரேட்மார்க்காக நாங்கள் பதியவே இல்லை. அவர் டொமைனைப் பதிந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பார்ட்னர்களுக்குள் வரும் சண்டையைப் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

ஆகவே கேட்கிறேன், டொமைன் யார் பெயரில் என்று இன்றைக்கே பாருங்கள். பொதுவான ஒரு மின்னஞ்சலில் பதியுங்கள், அதன் மீட்பு எண்ணும், உள்ளே போக முடியாதபோது உதவும் ரிக்கவரி கோடுகளும் (ரகசிய எண்கள்) இருவரிடமும் இருக்கட்டும். ஃபேஸ்புக் பக்கத்தில் இருவருக்கும் முழுக் கட்டுப்பாடு வேண்டும். கேட்வே பணம் கூட்டுக் கணக்கில் விழ வேண்டும். ஆர்டர் பட்டியலை வாரம் ஒருமுறை இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதிகம் அழுதது அந்தப் பட்டியலுக்காகத்தான். பிரிந்தால் பெயர் யாருக்கு, பாக்கி ஆர்டர் யார் பொறுப்பு என்று ஒரே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தக் கடையில் பணம் கட்டி நோட்டு வராதவர்கள், கார்டில் கட்டியிருந்தால் உடனே உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள். இதற்கு நாள் கெடு உண்டு, கடந்துவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முன்பு வாங்கிய சிலர், நோட்டுக்குள் நான் கைப்பட எழுதி வைக்கும் சீட்டில் இருந்த என் எண்ணைப் பார்த்து அழைத்தார்கள். அவர்கள் புதிதாகக் கேட்டுப் பணம் கட்டியிருந்த 14 நோட்டையும் என் செலவில் தைத்து அனுப்பிவிட்டேன். அந்தக் காலை அனுப்ப வேண்டிய ஏழு நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆர்டர் எண் ஒட்டியிருக்கிறேன். யாருடையது என்று எனக்குத் தெரியாது. உங்களுடையதாக இருந்தால் ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.