கறுப்புப் பூனையா, நாலு பூனையா?

பாரிஸின் ‘ல ஷா நுவார்’ (கறுப்புப் பூனை, 1881), அதைப் பார்த்துப் பிறந்த பார்சிலோனாவின் ‘எல்ஸ் குவாத்ரே கட்ஸ்’ (நாலு பூனை, 1897): இரண்டும் கலைஞர்கள் கூடிய மதுவிடுதிகள்.

வியாபாரத்தில் பாரிஸ்தான் கெட்டி. அதன் நிறுவனர் ரொதோல்ஃப் சாலி 1882 ஜனவரியிலேயே வாரப் பத்திரிகை தொடங்கினார். பரிமாறுபவர்களுக்கு, பிரெஞ்சு மொழிக்கான மதிப்புமிக்க அமைப்பான பிரெஞ்சு அகாதமியின் சீருடையை மாட்டி நக்கலடித்தார். அங்கே நடந்த நிழற்கூத்துக்கு ஓவியர் ஆன்றி ரிவியேர் துத்தநாகத் தகட்டில் உருவங்கள் வெட்டி, விளக்கொளிக்குக் குறுக்கே வண்ணக் கண்ணாடிகளைச் செருகினார். கூட்டம் நெரிந்தது. ஆனால் எல்லாம் சாலி ஒருவரை நம்பியே. 1897இல் அவர் இறந்ததும் விடுதியும் போனது.

‘நாலு பூனை’ என்றால் பார்சிலோனாவின் கத்தலான் மொழிப் பேச்சில் ‘விரல்விட்டு எண்ணும் கூட்டம்’. பெயர் பலித்துவிட்டது: 1903இல் அதை நடத்திய பேரே ரொமேவு கடையைச் சாத்தினார். ஆனாலும் கலைக்கு இதுவே ஒரு படி மேல். 1900 பிப்ரவரியில் 18 வயது பிகாசோவின் முதல் தனிக் கண்காட்சி இங்கேதான்; மரச்சட்டம்கூடப் போடாமல் உருவப்படங்களைச் சுவரில் குத்தி வைத்தார்கள். உணவுப் பட்டியலின் அட்டையும் அவர் கைவண்ணமே.