25,000 ரூபாய்க்குள் படிப்புக்கு லேப்டாப்: புதுசா, கம்பெனியில் ஓடிய பழசா?

அண்ணன் மகள் பி.காம். சேர்ந்தபோது லேப்டாப்புக்கு வீட்டில் ஒதுக்கியது 25,000 ரூபாய். லால்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் வருகிறாள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், நோட்டுகளோடு லேப்டாப்பும் அதே பையில்தான். அதனால் 15.6 அங்குலத் திரைகளை முதலிலேயே விட்டுவிட்டோம். 14 அங்குலமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும், எடை ஒன்றரை கிலோ பக்கத்தில். இந்தப் பணத்துக்கு எங்கள் முன்னால் இருந்தது மூன்று வழி.

ஆன்லைனில் முதலில் கண்ணில் படுவது புது மெஷின்: செலரான் என்4020 சிப், 4 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டிக்குப் பதில் வைக்கும் மலிவான சேமிப்பு). "புதுசுன்னா வாரன்டி இருக்குமே சித்தப்பா" என்றாள். இருக்கும். விலையும் குறைவு, எடையும் குறைவு. ஆனாலும் வேண்டாம் என்றேன். அது 2019-இல் வந்த, இரண்டே கோர் (வேலையைச் செய்யும் பகுதி) உள்ள சிப். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும்தான். அந்த 64-இலும் கணினி காட்டுவது 60-க்குக் கீழே. விண்டோஸும் அப்டேட்டும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடத்தில்தான் பாடம், ப்ராஜெக்ட் எல்லாம். குரோமில் நாலு டேப், ஒரு பிடிஎஃப், பக்கத்தில் எக்ஸெல் என்று திறந்தாலே திணறும். சரி, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றால், இஎம்எம்சி மதர்போர்டிலேயே பற்றவைத்தது. பல மாடல்களில் ரேமும் அப்படித்தான். மூன்று வருடப் படிப்புக்கு இதை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வழி குரோம்புக், அதாவது விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் லேப்டாப். அதை அப்படித் தள்ளிவிட முடியாது. குறைந்த ரேமிலும் சுறுசுறுப்பாக ஓடும். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 வருட அப்டேட் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த வகை வெளிவந்த காலத்திலிருந்து தொடங்கும். தமிழோ வரலாறோ படித்து, கூகுள் டாக்ஸில் எழுதுகிற பிள்ளைக்கு நானே சொல்வேன். இவளுக்கு ஒத்துவராததற்கு ஒரே காரணம் கணக்கு எழுதும் டேலி. பி.காம். மாணவிக்கு அது வேண்டும், அது விண்டோஸ் மென்பொருள்.

மூன்றாவது வழி, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஆபீஸ் லேப்டாப். கடைகளில் 'ரீஃபர்பிஷ்டு' என்பார்கள். புதிதாக வந்தபோது நல்ல விலை விற்றவை, கட்டுமானமும் கீபோர்டும் வேறு தரம். எங்கள் பட்ஜெட்டுக்குள் மூன்று பார்த்தோம். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280 இருப்பதிலேயே எடை குறைவு, 12.5 அங்குலம், ஆனால் ரேம் பற்றவைத்தது, 8 ஜிபிக்குக் குறைவாக வாங்கவே கூடாது. திங்க்பேட் டி480 கனம் கூடுதல். ஆனால் பின்பக்க பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம், ரேமுக்கு இரண்டு ஸ்லாட். இரண்டுக்கும் நடுவில் எச்பி எலைட்புக் 830 ஜி5: 13.3 அங்குலம், எடை 1.33 கிலோவிலிருந்து, ரேமுக்கு இரண்டு ஸ்லாட். இதைத்தான் எடுத்தோம். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 18,500 ரூபாய்.

நாங்கள் பார்த்த மூன்றிலும் இருந்தது இன்டெலின் 8-ஆம் தலைமுறை சிப். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் சிப்களின் பட்டியல், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கடைக்காரர் 'ஐ7' ஸ்டிக்கரைக் காட்டினால் அதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள், இந்தச் சிப்களில் அதன் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ7-6600யூ இரண்டு கோர். ஐ5-8250யூ நாலு கோர்.

கடையிலேயே பார்க்க வேண்டியவையும் உண்டு. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்: டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது உள்ளது) 40,000 என்றால் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது. எங்களுக்கு முதலில் காட்டிய மெஷினில் பாதிதான் மிச்சம் இருந்தது, வேறு கேட்டு வாங்கினோம். ஆன் செய்யும்போது எச்பியில் எஃப் 10, லெனோவோவில் எஃப் 1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங் பக்கம்) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் கழலவில்லை, அதை வாங்காதீர்கள். திரை ஃபுல் எச்டிதானா என்றும் கேளுங்கள். இந்த வகையில் 1366x768 திரைகளும் கலந்து வரும், எக்ஸெலில் வரிசைகள் போதாது. பில்லில் சீரியல் எண்ணும் வாரன்டி மாதமும் எழுதியிருக்க வேண்டும்.

வெளியூர் ஹாஸ்டலில் தங்கி, ரிப்பேர் என்றால் உதவ ஆளில்லாத பிள்ளைக்கு மட்டும், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள புது ஐ3 அல்லது ரைசன் 3 வாங்குங்கள் என்பேன். எங்கள் வீட்டில் மிஞ்சிய 6,500 ரூபாயை அண்ணி தனியாக எடுத்து வைத்திருக்கிறார், அடுத்த வருடம் பேட்டரி மாற்ற.